மஞ்சளாகும் நாற்றுகள்: சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் தண்ணீர் விடும் முறையும் ஊட்டம் தரும் முறையும்

தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகளைக் குழித்தட்டில் போட்டு, அவை நன்றாக முளைத்து, இரண்டு மூன்று உண்மை இலைகள் வந்தபின் வளர்ச்சி நின்று வெளிறத் தொடங்கும்போது, புதிதாக நாற்று வளர்ப்பவர்கள் நேராக உரக்கடைக்குத்தான் செல்கிறார்கள். நானும் அப்படிப் பல கடைகள் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு கடையில் நுண்ணூட்டக் கலவை கொடுத்தார்கள். இன்னொரு கடையில் வளர்ச்சி ஊக்கி கொடுத்தார்கள். வேறொரு கடையில் தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 உரம் போதும் என்றார்கள். எந்தத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. சேலத்துச் சமவெளியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இங்கே பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் உப்பும், காரத்தன்மையைக் கூட்டும் பைகார்பனேட்டும் மிகுந்தது; அந்த நீரை ஊற்றிக்கொண்டே எவ்வளவு ஊட்டம் கொடுத்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. ஏற்காட்டிலோ நிலைமை நேர் எதிர்: மழையில் ஊட்டம் கரைந்து போன அமில மண், குளிர்ந்த வேர், உப்பே இல்லாத நீர். ஆகவே ஒரே மருந்து இரண்டு இடத்துக்கும் பொருந்தாது.

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள், அடிவாரத்தில் சிறிய நாற்றங்கால் தொடங்குபவர்கள், மலையில் முதன்முறையாகக் காய்கறியோ காப்பியோ நாற்று விடுபவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதல் மூன்று படிகள் முடியும் முன் உரத்துக்குப் பணம் செலவிட வேண்டாம்.

1. உரம் வாங்குவதற்கு முன் ஒரு நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள்

வெளிறிய நாற்றுகளில் ஒன்றை வேர்க்கட்டியோடு மெதுவாக வெளியே எடுங்கள். வேர் வெண்மையாக, தட்டில் நிரப்பிய தென்னை நார்க்கழிவைச் சுற்றிப் பின்னியிருந்தால் நாற்றுக்குப் பசி இருக்கலாம். வேர் பழுப்பேறி, தொட்டால் தோல் உரிந்து, புளித்த வாடை வந்தால் அது தண்ணீர் தேங்கியதன் விளைவு. நீர் தேங்கிய வேருக்குக் காற்று கிடைக்காததால், ஊட்டம் அருகிலேயே இருந்தும் அதனால் உறிஞ்ச முடியாமல் போய், மேலே இலை ஊட்டக் குறைபாடு போலவே மஞ்சளாகும். இந்த நிலையில் உரம் ஊற்றினால் மீதி வேரும் கருகும். தட்டின் அடித்துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்த்து, தட்டைத் தரையில் வைக்காமல் கம்பிச் சட்டத்தின் மேலோ செங்கற்களின் மேலோ உயர்த்தி வைத்து, மேற்பரப்பு வெளிர்நிறமாகக் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். மூன்று நான்கு நாளில் புதிய வெள்ளை வேர்நுனி தெரிந்தால் நாற்று பிழைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

தண்டின் அடிப்பகுதி நூல்போல இறுகி நாற்று சாய்ந்தால் அது நாற்றழுகல் நோய். ஊட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கரைத்து வேர்ப்பகுதி நனைய ஊற்ற வேண்டும். இலையின் அடிப்புறத்தைத் திருப்பி இலைப்பேன், வெள்ளை ஈ, சிலந்திப்பேன் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முளைத்தவுடன் வரும் இரண்டு வித்திலைகள் சில வாரங்களில் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. அதைக் கண்டு எதுவும் செய்ய வேண்டாம்.

2. எந்த இலை முதலில் நிறம் மாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள்

தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. அவை பற்றாமல் போனால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்கு அனுப்பும். அதனால் அடி இலை முதலில் பாதிக்கப்படும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து (கால்சியம்), கந்தகம், போரான் ஆகியவை அப்படி எளிதில் நகராதவை. அவை குறைந்தால் நுனி இலைதான் முதலில் காட்டும். இந்த ஒரு வேறுபாட்டைப் பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடி இலை முழுவதும் நரம்பு உட்பட ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைபாடு. அடி இலையின் அடிப்புறமும் தண்டும் ஊதாநிறம் கொண்டு, நாற்று குட்டையாக நின்றால் மணிச்சத்துக் குறைபாடு அல்லது வெறும் குளிர். (சில கத்தரி ரகங்களுக்குத் தண்டு இயல்பாகவே ஊதாவாக இருக்கும்.) அடி இலையின் விளிம்பு மட்டும் காய்ந்து கருகினால் சாம்பல்சத்துக் குறைபாடாக இருக்கலாம், ஆனால் உப்பு மிகுந்தாலும் இதே அடையாளம்தான் தோன்றும். அடி இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியம். நுனி இலையில் அதேபோல நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும், முற்றினால் ஏறக்குறைய வெண்மையாகவும் இருந்தால் இரும்பு. சேலத்துச் சமவெளியில் நான் அதிகம் பார்ப்பது இந்தக் கடைசி வகையைத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மஞ்சள் என்றதும் எப்சம் உப்பு, அதாவது மக்னீசியம் சல்பேட், ஊற்றச் சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. சேலத்தின் வடபுறம் வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் வெட்டி எடுக்கும் கரடுகளை ஒட்டிய நிலங்களில் மக்னீசியம் ஏற்கெனவே மிகுந்திருக்க வாய்ப்புண்டு. அதன்மேல் மேலும் மக்னீசியம் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்தையும் சாம்பல்சத்தையும் வேர் எடுப்பது தடைப்படும். அடி இலையில் அடையாளம் தெளிவாகத் தெரியாமல் எப்சம் உப்பைத் தொடாதீர்கள்.

நாளிட்டு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு நிலையத்திலோ தோட்டக்கலை அலுவலரிடமோ ஆலோசனை கேட்கும்போது, “மஞ்சளாக இருக்கிறது” என்று சொல்வதைவிட முதல் நாளும் நான்காம் நாளும் எடுத்த இரண்டு படங்களைக் காட்டுவது மிக விரைவில் பதிலைப் பெற்றுத்தரும்.

3. தண்ணீரை அளந்து பாருங்கள்

சேலத்து வீடுகளில் உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் என்று இரண்டு குழாய் இருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் முதலாவது, மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் குடிநீர் இரண்டாவது. நாற்றுக்கு எது போகிறது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். பல மாடிகளில் தொட்டியிலிருந்து வரும் குழாய் இரண்டும் கலந்ததாகவோ, கோடையில் லாரித் தண்ணீராகவோ இருக்கும்.

வாங்க வேண்டியவை இரண்டு: நீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டர், அமில, காரத் தன்மையைக் காட்டும் ஒரு பி.எச். தாள் கட்டு. இரண்டும் சேர்த்து ஏறக்குறைய ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். டிடிஎஸ் அளவு 500க்குக் கீழே இருந்தால் நாற்றுக்கு அச்சமில்லை. 500 முதல் 1000 வரை இருந்தால் கலந்துதான் பயன்படுத்த வேண்டும். 1000க்கு மேல் இருக்கும் நீரை இளம் நாற்றுக்கு ஊற்றவே வேண்டாம். அதே நீரைத் தாங்கும் வளர்ந்த தென்னை இருக்கலாம், பத்து நாள் மிளகாய் நாற்று தாங்காது.

டிடிஎஸ் மீட்டர் உப்பின் மொத்த அளவை மட்டுமே காட்டும்; பைகார்பனேட் எவ்வளவு என்று காட்டாது. அளவு 400 என்று காட்டும் நீரிலும் பைகார்பனேட் மிகுந்திருந்தால் சில வாரங்களில் குழித்தட்டு ஊடகத்தின், அதாவது நாற்று வேரூன்றியிருக்கும் கலவையின், பி.எச். 7.5ஐத் தாண்டிவிடும், அப்போது இரும்பு கரையாத வடிவுக்கு மாறி, நுனி இலை வெளுக்கும். வாளியின் உட்புறத்திலும், பூவாளியின் துளைகளிலும், தட்டின் விளிம்பிலும் வெள்ளைப் படலம் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் பைகார்பனேட்டும் சுண்ணாம்பும் மிகுந்த நீர் என்று வைத்துக்கொள்ளலாம். உறுதியான எண் வேண்டுமானால் ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அதை ஏழாம் படியில் சொல்கிறேன்.

தண்ணீரோடு ஊடகத்தையும் சோதியுங்கள். தட்டின் மேல் நல்ல தண்ணீரை ஊற்றி, அடியில் வடியும் நீரைச் சிறு கிண்ணத்தில் பிடித்து அளந்தால், ஊற்றிய நீரின் டிடிஎஸ் அளவைவிட வடிந்த நீரின் டிடிஎஸ் அளவு பல மடங்கு கூடியிருந்தால் ஊடகத்தில் உப்பு தேங்கியிருக்கிறது. கழுவாத, மட்கவைக்காத தென்னை நார்க்கழிவில் இது வழக்கமாக நேரும். அதில் சோடியமும் பொட்டாசியமும் மிகுதி. அதுபோக, அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொண்டு நாற்றுக்கு மிச்சம் வைப்பதில்லை. மலிவான நார்க்கழிவுக் கட்டி வாங்கியவர்களின் நாற்று முளைத்த இரண்டாம் வாரத்திலேயே அடி இலையிலிருந்து வெளிறுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

4. தண்ணீரைச் சரிசெய்யுங்கள்

நல்ல தண்ணீர் கிடைத்தால் அதை நாற்றுக்கென ஒதுக்குவதே எளிது. 98 குழிகள் கொண்ட ஒரு தட்டுக்கு ஒரு வேளைக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை போதும். பத்துத் தட்டு வைத்திருப்பவருக்குக்கூட ஒரு வேளைக்கு ஒரு குடத்துக்கு மேல் தேவைப்படாது. குடிநீரில் குளோரின் வாடை வந்தால் முந்தைய இரவே வாளியில் பிடித்துத் திறந்து வையுங்கள்.

நல்ல தண்ணீர் குறைவாக இருந்தால் கலக்குங்கள். உப்புத் தண்ணீர் 1200, நல்ல தண்ணீர் 200 என்றால், உப்புத் தண்ணீர் ஒரு பங்குக்கு நல்ல தண்ணீர் மூன்று பங்கு கலந்தால் 450 வரும். மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

பைகார்பனேட் மிகுந்த நீருக்குச் சிட்ரிக் அமிலம் உதவும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் கிடைப்பதும் அதுதான். பத்து லிட்டர் நீரில் ஒரு கிராம் போட்டுக் கலக்கி, சில நிமிடம் விட்டுப் பி.எச். தாளால் அளந்து, 6 முதல் 6.5 வரை இறங்கும்வரை ஒவ்வொரு கிராமாகக் கூட்டுங்கள். எத்தனை கிராம் பிடித்தது என்று ஒரு முறை குறித்துக்கொண்டால் அடுத்த முறை நேராக அவ்வளவையும் போடலாம். அமிலம் சேர்ப்பதால் உப்பு குறையாது என்பதை மறக்காதீர்கள். 1200 காட்டிய நீர் அமிலம் சேர்த்த பிறகும் உப்பு நீரே. அதற்கு நல்ல நீரைக் கலப்பது மட்டுமே வழி.

இரண்டு நீர்களை ஒருபோதும் நாற்றுக்கு ஊற்றாதீர்கள். ஒன்று, ஆர்.ஓ. எந்திரத்தின் கழிவுக் குழாயில் வருவது. உப்பு முழுவதும் செறிந்திருப்பது அதில்தான். மற்றொன்று, அடுக்குமாடி வீடுகளில் மென்னீராக்கும் கருவி வழியாக வருவது. சுண்ணாம்பை நீக்கிவிட்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தைச் சேர்ப்பதே அந்தக் கருவியின் வேலை. துணி துவைக்க நல்லது, வேருக்குக் கேடு.

ஊடகத்தில் உப்பு தேங்கியிருந்தால், ஊட்டம் கொடுக்கும் முன் ஒரு முறை கழுவ வேண்டும். தட்டைச் சற்றுச் சாய்த்து வைத்து, நல்ல தண்ணீரைப் பூவாளியால் மெதுவாக, சிறு இடைவெளி விட்டு மூன்று முறை ஊற்றி, ஒவ்வொரு முறையும் முழுதும் வடிய விடுங்கள். காலையில் செய்தால் மாலைக்குள் மேற்பரப்பு ஆறிவிடும். கழுவிய மறுநாள்தான் ஊட்டம்.

5. ஊற்றும் நேரமும் அளவும்

சமவெளியில் காலை எட்டு மணிக்குள் ஊற்றி முடியுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் மட்டும் மாலை நான்கு மணிக்கு மேல் இரண்டாம் முறை தேவைப்படும். வெயிலில் கிடக்கும் கருப்புக் குழாயிலும் மாடித் தொட்டியிலும் உள்ள நீர் நண்பகலில் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். முதலில் வரும் நீரை வாளியில் பிடித்து ஆறவைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

ஊற்ற வேண்டிய நேரத்தை நாள்காட்டி சொல்லாது, தட்டின் எடை சொல்லும். நன்றாக ஊற்றி வடிந்தவுடன் ஒரு முறை தட்டைத் தூக்கிப் பாருங்கள். ஏறக்குறைய பாதி எடை குறைந்தபின் அடுத்த முறை ஊற்றுங்கள். ஊற்றும்போது அடியில் சிறிது வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். மேலே மட்டும் நனையும்படி அடிக்கடி தெளிப்பது இங்குள்ள நீருக்கு மிகக் கெட்ட பழக்கம். நீர் ஆவியாகி உப்பு மட்டும் மேற்பரப்பில் வெள்ளையாக நின்றுவிடும்.

6. ஊட்டம்: குறைவாகத் தொடங்கி, புதிய இலையைப் பார்த்துக் கூட்டுங்கள்

நன்றாக இருக்கும் தக்காளி நாற்றுக்கு விதைத்த 18ஆம் நாளில் 19:19:19 கலவையை லிட்டருக்கு 5 கிராம் வீதம் ஊற்றும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஏற்கெனவே வெளிறி வேர் தளர்ந்திருக்கும் நாற்றுக்கு அந்த அளவை ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். நாள்பட்ட பட்டினிக்குப் பின் கஞ்சியிலிருந்து தொடங்குவதைப் போல, லிட்டருக்கு அரை கிராமில் தொடங்குங்கள். நான்கு நாள் கழித்து நுனியில் வரும் புதிய இலை முந்தையதைவிடப் பச்சையாக இருந்தால் ஒரு கிராமுக்கு உயர்த்தி, நான்கைந்து நாளுக்கு ஒரு முறை கொடுங்கள். நடுவில் வரும் நாட்களில் வெறும் தண்ணீர் மட்டுமே.

அரை கிராமைத் தேக்கரண்டியால் அளக்க முடியாது. நகை எடை போடும் சிறிய மின் தராசு முந்நூறு ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். தராசு இல்லாதவர்கள் பத்து கிராமைத் தராசுள்ள ஒரு கடையில் நிறுத்து வாங்கி ஒரு லிட்டரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் 50 மில்லியை எடுத்து ஒரு லிட்டராக்கினால் அரை கிராம் அளவு வரும்; 100 மில்லி என்றால் ஒரு கிராம்.

19:19:19 கலவையில் சுண்ணாம்புச்சத்து இல்லை. நார்க்கழிவோ சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்ளும் இயல்புடையது. அதனால் நார்க்கழிவில் மட்டும் வளரும் நாற்றுக்கு, ஒன்றுவிட்டு ஒரு முறை 19:19:19க்குப் பதிலாகக் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு ஒரு கிராம் கொடுப்பது நல்லது. இரண்டையும் ஒரே வாளியில் கலக்கக் கூடாது. கால்சியம் நைட்ரேட்டோடு மணிச்சத்து உரமோ, எப்சம் உப்பு உள்ளிட்ட எந்தச் சல்பேட்டோ சேர்ந்தால் வெண்மையாக வண்டல் படிந்து, இரண்டின் பயனும் போய்விடும். துத்தநாக சல்பேட்டை மணிச்சத்து உரத்தோடு கலப்பதும் இதே காரணத்தால் தவறு.

நுனி இலை வெளுத்த நாற்றுக்கு முதல் மருந்து நான்காம் படியில் சொன்ன நீர்ச் சீர்திருத்தம்தான். அதோடு இரும்பு சல்பேட், அதாவது அன்னபேதி, லிட்டருக்கு 2 கிராமும் சிட்ரிக் அமிலம் 1 கிராமும் கரைத்து மாலையில் இலைமேல் மென்மையாகத் தெளித்து, ஐந்து நாள் கழித்து மீண்டும் ஒரு முறை தெளியுங்கள். முதலில் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, அதன்பின் அன்னபேதியைப் போட வேண்டும். கரைசல் வெளிர்பச்சையாக இருக்கும்போதே தெளிக்க வேண்டும். துருநிறத்துக்கு மாறியதைக் கொட்டிவிடுங்கள், அதனால் இலையில் கறை மட்டுமே மிஞ்சும். முதலில் நான்கைந்து நாற்றில் தெளித்து, மறுநாள் கருகவில்லை என்று பார்த்தபின் மற்றவற்றுக்குத் தெளியுங்கள்.

வேரில் ஊற்றும் இரும்பு வாங்குகிறீர்கள் என்றால் பொட்டலத்தில் இடிடிஏ என்று இருக்கிறதா, இடிடிஎச்ஏ என்று இருக்கிறதா என்று படியுங்கள். முதலாவது பி.எச். 6.5ஐத் தாண்டினால் பயனிழக்கும். சேலத்து நீருக்கு இரண்டாவதுதான் நிலைக்கும். விலை அதிகம், ஆனால் பத்து லிட்டருக்கு ஒரு கிராம் போதும் என்பதால் சிறிய பொட்டலமே பல மாதம் வரும். கடைகளில் எளிதாகக் கிடைப்பது முதலாவது.

பழைய இலை மீண்டும் முழுப் பச்சையாகும் என்று காத்திருக்காதீர்கள். கருகிய விளிம்பு திரும்பாது. முற்றிய வெளிறலும் பெரும்பாலும் திரும்பாது. மருந்து பலித்ததா என்பதற்குச் சாட்சி அதன்பின் விரிந்த இலை மட்டுமே. அந்த இலை வருவதற்கு முன்பாகவே பொறுமையிழந்து வேறொரு பொட்டலத்தைப் பிரித்தால், எது பலித்தது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இயற்கை முறையில் வளர்ப்பவர்கள் நன்கு மட்கிய மண்புழு உரத்தை ஊடகத்தில் ஐந்தில் ஒரு பங்கு கலந்தே தொடங்குவது நல்லது. பஞ்சகவ்யம் வளர்ந்த பயிருக்கு லிட்டருக்கு 30 மில்லி என்றால் நாற்றுக்கு 10 மில்லிக்கு மேல் வேண்டாம், வடிகட்டித் தெளியுங்கள். மட்காத சாணத்தையோ புண்ணாக்குக் கரைசலையோ குழித்தட்டில் ஊற்றினால் புழுவும் அழுகலும் வரும்.

7. ஆய்வகத்துக்குக் கொடுக்கும் மாதிரியும் ஆவணங்களும்

ஒன்றிரண்டு தட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் படி தேவையில்லை. விற்பனைக்கு நாற்று விடுபவர்களும், அரை ஏக்கருக்கு மேல் நடப்போகிறவர்களும் தவறாமல் செய்ய வேண்டும்.

வேளாண்மைத் துறையின் மண் ஆய்வுக்கூடமும், சந்தியூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையமும் சேலத்துக்காரர்கள் அணுகக்கூடியவை. மலையில் இருப்பவர்களுக்கு ஏற்காட்டிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காப்பி பற்றிய ஐயங்களுக்கு அங்குள்ள காப்பி வாரிய அலுவலகத்தைக் கேட்கலாம். கட்டணமும், மாதிரி பெறும் நாளும் அவ்வப்போது மாறுவதால் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் செல்லுங்கள். ஆதார் நகல், நிலத்தின் சிட்டா அல்லது புல எண், கைபேசி எண் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். பட்டா இல்லாத மாடித்தோட்டக்காரர்கள், வீட்டுத் தோட்டத்துக்கான மாதிரி என்று தொலைபேசியிலேயே சொல்லி, ஏற்பார்களா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தண்ணீர் மாதிரிக்கு, மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டபின், அதே நீரால் மூன்று முறை கழுவிய சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியில், காற்று இடைவெளி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். குளிர்பான வாடை அடிக்கும் புட்டி கூடாது. பெயர், ஊர், புல எண், கிணற்றின் ஆழம், எடுத்த நாள், என்ன பயிர் என்பதை எழுதி ஒட்டுங்கள். மண் மாதிரிக்கு, எரு குவித்த இடம், வரப்பு, மரநிழல் ஆகியவற்றைத் தவிர்த்து, பல இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டி, ஓரத்திலிருந்து ஒரு சீவல் எடுத்துக் கலந்து, கால்பங்கீட்டு முறையில் (நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு) குறைத்து, அரைக் கிலோ நிழலில் உலர்த்திக் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் ஆய்வு என்று பொதுவாகச் சொன்னால் பி.எச்., உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் ஆகிய இரண்டை மட்டும் எழுதித் தருவதுண்டு. கார்பனேட், பைகார்பனேட், கால்சியம், மக்னீசியம், சோடியம் ஆகியவையும் வேண்டும் என்று படிவத்திலேயே எழுதுங்கள். அறிக்கையில் எஞ்சிய சோடியம் கார்பனேட் என்று ஒரு எண் இருக்கும். லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்குவலண்ட்டுக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு, 2.5க்கு மேலே போனால் அந்த நீர் பாசனத்துக்கே தகுதியில்லை, நாற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அறிக்கை கைக்கு வரச் சில வாரங்கள் ஆகக்கூடும். ஆகவே ஆடிப்பட்டத்துக்கு நாற்று விடுபவர்கள் வைகாசியிலேயே மாதிரியைக் கொடுத்துவிட வேண்டும்; நாற்று மஞ்சளான பிறகு கொடுத்தால் அறிக்கை அடுத்த பட்டத்துக்குத்தான் உதவும்.

8. உரக்கடையில் கவனிக்க வேண்டியவை

நீரில் கரையும் உரப் பொட்டலத்தில் சத்துகளின் விழுக்காடு, உற்பத்தியாளர் பெயர், தொகுதி எண், எடை, விலை ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985இன்படி விற்பவர் ரசீதும் தர வேண்டும். ரசீது இல்லாமல் பிரித்து நிறுத்துத் தரும் பொடியை, ஏற்கெனவே அறிந்த கடையாக இல்லாவிட்டால் வாங்காதீர்கள். மானிய விலை யூரியா, டிஏபி வாங்க ஆதார் எண்ணும் விற்பனைக் கருவியில் பதிவும் தேவை. நாற்றுக்காக அந்த மூட்டைகளை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கடைகளில் உர இருப்பைத் தமிழ்நாடு அரசின் உழவன் செயலியில் பார்த்துவிட்டுப் போகலாம்.

மொத்தச் செலவு இவ்வாறு வரும்: 19:19:19 ஒரு கிலோ இருநூறு ரூபாயை ஒட்டியும், கால்சியம் நைட்ரேட் அதைவிடக் குறைவாகவும், அன்னபேதியும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து நூறு ரூபாய்க்குள்ளும், அளவிடும் கருவிகள் முன்னர்ச் சொன்னபடியும் ஆகும். கடைக்குக் கடை வேறுபட்டாலும் ஆயிரத்து இருநூறு ரூபாயைத் தாண்டத் தேவையில்லை. அதில் பாதிக்கு மேல் ஒரு முறை வாங்கினால் தொடர்ந்து பயன்படும் கருவிகளுக்கே போகும். பெயரில் ‘கோல்டு’, ‘பவர்’ என்று வரும் வளர்ச்சி ஊக்கிகளுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை.

9. மலையில் இருப்பவர்களுக்கு

ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊற்று நீரிலும் மழைநீரிலும் உப்பு மிகக் குறைவு. அதே காரணத்தால் சுண்ணாம்பும் மக்னீசியமும் அவற்றில் குறைவு. சமவெளிக்குச் சொன்ன சிட்ரிக் அமிலம் இங்கே வேண்டவே வேண்டாம். அமில மண் கலந்த ஊடகத்துக்கு, விதைக்கும் முன்பே லிட்டர் கலவைக்கு 2 கிராம் வீதம் டோலமைட் பொடி சேர்த்துச் சில வாரங்கள் ஈரத்தில் விட்டால் பி.எச். சற்று உயர்வதோடு அந்த இரு சத்துகளும் கிடைக்கும். அடி இலையில் நரம்பிடை வெளிறல் கண்டால், மலையில் எப்சம் உப்பு லிட்டருக்கு ஒரு கிராம் தெளிப்பது பொருத்தமானது.

மார்கழி, தை மாதங்களில் நாற்று ஊதாவாக மாறினால் முதலில் குளிரைக் குறையுங்கள். வேர் குளிர்ந்திருக்கும்போது மணிச்சத்தை எடுப்பது மிகவும் மந்தமாகிவிடும். தட்டைத் தரையிலிருந்து உயர்த்தி, இரவில் பாலித்தீன் கூடாரத்தால் மூடி, காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறியபின் தண்ணீர் ஊற்றினாலே பல நாற்றுகள் ஒரு வாரத்தில் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் மட்டும் மணிச்சத்து மிகுந்த 12:61:0 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கொடுங்கள். மூடுபனி நாட்களில் ஊடகம் இரண்டு மூன்று நாள்கூடக் காயாது. வழக்கப்படி தினமும் ஊற்றினால் முதல் படியில் சொன்ன வேரழுகல் நிச்சயம்.

காப்பி நாற்றுப் பைகளுக்குக் காட்டு மண் ஆறு பங்கு, மட்கிய எரு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு என்ற கலவையே பரிந்துரைக்கப்படுகிறது. எரு மட்கவில்லை என்றாலும், பந்தல் நிழல் திடீரென்று குறைந்தாலும் இலையில் பழுப்புக் கண்போன்ற வட்டப் புள்ளிகள் தோன்றும். அது பூஞ்சண நோய்; ஊட்டம் குறைந்த நாற்றைத்தான் அதிகம் தாக்கும். ஊட்டத்தோடு நிழலையும் சேர்த்துச் சரிசெய்தால்தான் அடங்கும்.

10. எதைக் காப்பாற்றுவது, எதைக் கைவிடுவது, எப்போது நடுவது

குழித்தட்டில் தக்காளி நாற்று ஏறக்குறைய 25 நாளிலும், கத்தரியும் மிளகாயும் 30 முதல் 35 நாளிலும் நடவுக்கு வரும். வெளிறித் தேறிய நாற்றுக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கொடுக்கலாம். அதற்கு மேல் தட்டிலேயே வைத்தால் வேர் சுருண்டு, வயலில் நட்டபின்னும் குன்றியே நிற்கும். ஊட்டம் தொடங்கிய பத்து நாளில் ஒரு புதிய இலைகூட விரியாத நாற்றையும், நுனி மொட்டு கருகிய நாற்றையும் தயங்காமல் நீக்கி, உடனே மறுவிதைப்பு செய்யுங்கள். விதைக்கும்போதே பத்தில் ஒரு பங்கு கூடுதலாக விதைப்பது இதற்காகத்தான்.

நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஊட்டத்தை நிறுத்தி, தண்ணீரைச் சற்றுக் குறைத்து, நிழல்வலையை நாளுக்கு நாள் விலக்கி வெயிலுக்குப் பழக்குங்கள். வெளியிலிருந்து நாற்று வாங்கி நடுபவர்கள், அந்த நாற்றங்காலில் என்ன நீர் ஊற்றினார்கள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். நல்ல நீரில் வளர்ந்த நாற்று உப்பு நீருக்கு ஒரே நாளில் மாறினால் தளரும் என்பதால், முதல் வாரம் கலந்த நீரே கொடுக்க வேண்டும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது அதே ஆழ்துளைக் கிணற்றில் உப்பின் அளவு ஏறும். தையில் 600 காட்டிய கிணற்றைச் சித்திரையில் மறுபடி அளந்துவிட்டே அடுத்த தட்டுக்கு விதை போடுங்கள்.